எம்130 யாருடையது?

ஐயா, வணக்கம். மதுரைக்கு மேற்கே எங்கள் சாதிக்காரர் ஒருவரிடம் எம்130 என்ற மரபணுக் குறியைக் கண்டறிந்ததால், இந்தியாவின் முதற்குடி நாங்களே என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கொண்டாடுகிறார்கள். இது சரிதானா?
க., தேனி

அன்புள்ள க.,

கடிதத்திலிருந்த சாதிப் பெயரை நீக்கியிருக்கிறேன். அங்கே எந்தப் பெயரை இட்டாலும் பதில் மாறாது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினரின் ஆய்வில் அக்குறி தென்பட்டது உண்மை. எம்130 என்பது பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் ஆணின் ஒய் குரோமோசோமில், டிஎன்ஏ வரிசையில் நேர்ந்த ஓரெழுத்து மாற்றம்; அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர் (மாமன் மகளைக் கட்டும் நம் ஊரில் சில பெயர்கள் திரும்பவும் வரும்). அவர்களில் ஒரே ஒருவரைத்தான் ஒய் குரோமோசோம் காட்டும். உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டிக்குக்கூட அதில் இடமில்லை. மேலும், அதே குறி ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் பசிபிக் தீவினரிடமும் மங்கோலியர்களிடமும் இருக்கிறது. மங்கோலிய மேய்ப்பர் ஒருவர் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர உரிமை கோரினால் மறுக்க வழியில்லை.

ஒரு மக்கள் கூட்டத்தின் அமைப்பை அறிய, மரபணுத்தொகுதி முழுவதும் பரவிய லட்சக்கணக்கான குறிகளை ஒருசேர ஒப்பிட வேண்டும். ஹைதராபாத் சிசிஎம்பி (உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) ஆய்வாளர்களும் ஹார்வர்டின் மரபியலாளர் டேவிட் ரைக்கும் 2009இல் 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரிடம் 5,60,123 குறிகளை அவ்வாறு ஆராய்ந்தபோது, ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் இரண்டு தொன்மையான மூதாதை வழிகளின் கலப்பு என்பதும், விகிதம் மட்டுமே வேறுபடுகிறது என்பதும் தெரிந்தது. அக்கலப்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்தது என்று 2013இல் கணக்கிட்டார்கள். பெரும்பாலான சாதிகளில் அகமணம், அதாவது தமக்குள்ளேயே மணக்கும் வழக்கம், இறுகியது அதற்குப் பிறகுதான். எம்130இன் வயதோடு ஒப்பிட்டால் உங்கள் சாதி மட்டுமல்ல, எல்லாச் சாதியும் நேற்றுப் பிறந்ததே.

சாதி மரபணுவில் தடம் பதிக்கவில்லை என்று சொல்லவில்லை. அது பதித்த தடம் வேறு வகையானது. ஆந்திர வைசியர்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் தமக்குள்ளேயே மணந்து வந்ததால், சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்தைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு அவர்களிடையே மிகுதி. அறுவை சிகிச்சையின்போது பிறருக்குச் சில நிமிடங்களில் விலகும் அம்மருந்தின் பிடி, குறைபாடுள்ளவருக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவரை அவருக்காக வென்டிலேட்டர்தான் மூச்சுவிட வேண்டும்.