ஸ்டிக்கர் தாளும் டோனர் மெஷினும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (கொட்டாஞ்சேனை): கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். புறக்கோட்டையில் வெள்ளை வைனல் ஸ்டிக்கர் ஏ4 பக்கெட் ஒன்று வாங்கி, லேசர் கலர் பிரிண்டரில் போட்டேன். முதல் தாள் சுருங்கி வந்தது. இரண்டாவது தாள் உள்ளேயே சுற்றிக்கொண்டது, புகை மணமும் வந்தது. தாள் போலியா, மெஷின் பழுதா?

பதில்: இரண்டும் இல்லை. சேராத இரண்டைச் சேர்த்துவிட்டீர்கள். டோனர் மை அல்ல, நிறம் சேர்த்த பிளாஸ்டிக் தூள். அதை உருக்கித் தாளில் பதிப்பது ஃபியூசர். அங்கே உருளைகளின் சூடு 160 முதல் 200 பாகை செல்சியஸ் வரை போகும். கடையில் வைனல் என்று தருவது பிவிசி. அது 80 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். இளகினால் சுருங்கும், சுருங்கினால் ஓரத்தில் பசை பிதுங்கும், பிதுங்கிய பசை உருளையைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் இரண்டாவது தாளுக்கு நடந்தது இதுதான். அளவுக்கு மேல் சூடான பிவிசி, ஹைட்ரஜன் குளோரைட் வாயுவையும் விடும். அது மூக்குக்கும் ஆகாது, மெஷினின் உலோகப் பாகங்களுக்கும் ஆகாது.

அடுத்த முறை கடையில் வைனல் என்றே கேட்காதீர்கள், கேட்டால் வைனலைத்தான் தருவார்கள். ‘லேசருக்குப் போகிற பொலியெஸ்டர் ஸ்டிக்கர்’ என்று கேளுங்கள். பெட் (PET) என்றும் சொல்வார்கள். உருக 250 பாகைக்கு மேல் சூடு வேண்டும் என்பதால் ஃபியூசரைத் தாண்டிவிடும். லேசருக்கென்றே வெப்பம் தாங்கும்படி செய்த வைனலும் உண்டு, ஆனால் பக்கெட்டில் ‘லேசர்’ அல்லது ‘கொப்பியர்’ என்ற சொல் அச்சாகியிருந்தால் மட்டும் நம்புங்கள். பொலிபுரோப்பிலீன் 160–165 பாகையில் உருகும். லேசருக்கென்று செய்தது தவிர மற்றதைத் தொடவேண்டாம்.

இன்னொரு பொறி ‘டிஜிட்டல் பிரிண்டிங்’ என்ற சொல். ஹெச்பி இன்டிகோ போன்ற திரவ டோனர் மெஷின்களும் டிஜிட்டல்தான். அவற்றுக்கென்று வரும் தாள், உங்கள் மெஷினில் இருக்கிற சூட்டைத் தாங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. மீதமான கட்டுகளைப் பிரித்து, பக்கெட் இல்லாமல் மலிவாகக் கொடுக்கும்போது இந்த வகையும் கலந்து வரலாம்.

பெயர் இல்லாத தாள் கைக்கு வந்தால் மூன்று சோதனைகள் செய்யலாம். முதலில் விரலை நனைத்து அச்சுப் பக்கத்தில் ஒரு ஓரத்தில் வைத்து எடுங்கள். பிசுபிசுத்து விரலைப் பிடித்தால் அது இங்க்ஜெட் பூச்சு, லேசருக்கு ஆகாது. அடுத்து பின்தாளை உரித்துவிட்டு ஒரு துண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பிவிசி நீளும், பொலியெஸ்டர் நீளாது, சடசடவென்று சத்தம் போடும். மூன்றாவது, ஒரு அங்குலச் சதுரத் துண்டைப் பின்தாளோடே வெட்டி, கேக் தட்டுக்குப் போடும் பேக்கிங் பேப்பர் இரண்டுக்கு நடுவில் வைத்து, அயன் பொக்ஸைப் பருத்தித் துணி அளவுக்குச் சூடாக்கி 10 விநாடி அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். சுருண்டாலோ, ஓரத்தில் பசை கசிந்தாலோ அந்தக் கட்டை மெஷின் பக்கம் கொண்டுபோகவேண்டாம். இதில் தேறிய தாளையும் மெஷினில் முதலில் ஒன்றே ஒன்றுதான் விட்டுப் பார்க்கவேண்டும்.

இப்போது உள்ளே சுற்றியிருப்பதை எடுக்க: பிளக்கைக் கழற்றி குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பிளேட், ஸ்குரூ டிரைவர் எதுவும் வேண்டாம். ஃபியூசர் உறையில் ஒரு கீறல் விழுந்தால், இனி அடிக்கிற ஒவ்வொரு தாளிலும் ஒரே இடைவெளியில் அந்தத் தழும்பு வந்துகொண்டே இருக்கும். தாள் தானாகக் கழன்று வந்தால் வெற்றுக் கடதாசி ஒரு பத்து விட்டு, ஒட்டிய மிச்சத்தை அதிலே வரச்செய்யுங்கள். வராவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். டோனரைத் தாளுக்குக் கொண்டுவரும் உருளையான டிரம்மை தின்னரால் துடைக்கும் யோசனை வந்தால், புது டிரம்மின் விலையை ஒருமுறை விசாரித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): வீட்டில் ஊறுகாய் செய்து கண்ணாடிப் போத்தலில் விற்கிறேன். கடதாசி லேபல் ஃப்ரிட்ஜில் ஊறிக் கிழிகிறது. வீட்டு லேசர் பிரிண்டரில் நானே அடிக்க என்ன தாள் வாங்கவேண்டும்? வெள்ளையா, டிரான்ஸ்பேரண்டா?

பதில்: வெள்ளை பொலியெஸ்டர், 50 மைக்ரோன். டிரான்ஸ்பேரண்ட் பார்க்க அழகுதான், ஆனால் சாதாரண டோனரில் வெள்ளை நிறம் கிடையாது. மஞ்சள் எழுத்தும் சிவப்புப் பூவும் ஊறுகாயின் நிறத்தில் கரைந்து காணாமல் போகும். வெள்ளை டோனர் உள்ள மெஷின்கள் தனியாக உண்டு, அதற்காக அதை வாங்குவது உங்களுக்குக் கட்டாது. டிரான்ஸ்பேரண்ட்தான் வேண்டும் என்றால் கறுப்பு எழுத்து மட்டும் வைத்து, போத்தலின் கழுத்துப் பக்கம் காலியாக இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

பொலியெஸ்டரில் ஒரு குறை: விறைப்பு. வளைந்த போத்தலில் சின்னதாக ஒட்டினால் இரண்டு நாளில் ஓரம் எழும்பும். சுற்றிவர ஒட்டி, முனை முனையின் மேல் ஏறும்படி விட்டால் எழும்பாது. உங்கள் போத்தல் 65 மில்லிமீற்றர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 204. மேலேறுவதற்கு 8 சேர்த்தால் லேபல் நீளம் 212. உயரம் 45 வைத்தால், ஏ4 தாளை அகலவாட்டில் போட்டு, ஓரம் 5 மில்லிமீற்றர் விட்ட பிறகும் ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு வரும். பக்கத்தில் 75 மில்லிமீற்றர் பட்டை மிஞ்சும், அதில் மூடிக்கு 60 மில்லிமீற்றர் வட்டம் மூன்று அடிக்கலாம்.

பசை அக்ரிலிக், நிரந்தர வகை என்று கேட்டு வாங்குங்கள். போத்தல் குளிர்ந்திருக்கும்போது ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது. ஊறுகாய் நிரப்பி, வெளியில் வழிந்த எண்ணெயைச் சவர்க்காரத்தால் கழுவி, நன்றாக உலர்த்தி, அறைச் சூட்டில் ஒட்டி, 24 மணி நேரம் கழித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று மொழியிலும் பொருட்கள் பட்டியல் போடும்போது எழுத்தைக் கறுப்பாகவே விடுங்கள். நிறப் பின்னணியில் வெள்ளையாக விட்ட சின்னச் சிங்கள, தமிழ் எழுத்துகளின் சுழி டோனரில் அடைபட்டுப்போகும்.

கேள்வி (மட்டக்குளி): தாள் சரியாக வருகிறது, ஆனால் நகத்தால் சுரண்டினால் நிறம் உரிகிறது.

பதில்: டோனர் போதிய அளவு உருகவில்லை. பேப்பர் டைப் ‘பிளெய்ன்’ என்று இருந்தால், ‘லேபல்’ அல்லது ‘ஹெவி’க்கு ஒரு படி மாற்றுங்கள். பல மெஷின்கள் அப்போது தாளை மெதுவாக விடும், சூடு உள்ளே இறங்க நேரம் கிடைக்கும். ஒரேயடியாக உச்சத்துக்குப் போகவேண்டாம், ஃபிலிம் அலை அடிக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு தாள் அடித்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, செலோடேப் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்பில் நிறம் வராத முதல் படியே உங்கள் படி. எல்லாப் படியிலும் உரிந்தால் ஃபிலிமின் மேல் டோனர் பிடிக்கும் பூச்சு இல்லை என்று அர்த்தம், தாளை மாற்றத்தான் வேண்டும். ஒரு எச்சரிக்கை: அடித்த தாள்களை மெத்தென்ற பிவிசி உறை, ஃபைல்களுக்குள் வைக்காதீர்கள். அந்த பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கும் எண்ணெய் கசிந்து டோனரை இளக்கும், நிறம் உறையோடு போய்விடும்.

கேள்வி (தெஹிவளை): மழைக்காலத்தில் மூன்று நான்கு தாள் ஒன்றாகப் போகிறது, சில தாள் சுருளாக நிற்கிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. ஒன்றாகப் போவது ஃபிலிமில் ஏறிய நிலைமின்னால். ஏசி அறையில் அது இன்னும் கூடும். தாள்களை நன்றாக விசிறிப் பிரித்து, கையால் தாள் வைக்கும் பைபாஸ் ட்ரேயில் ஐந்துக்கு மேல் வைக்காமல் விடுங்கள். அவசரமில்லாத வேலைக்கு ஒன்று ஒன்றாகவே விடலாம். வெளியே வருவதையும் குவியவிடாமல் எடுங்கள், சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒட்டிக்கொள்ளும்.

சுருள்வது பின்தாளால். மேலே இருக்கும் ஃபிலிம் ஈரம் குடிக்காது, கீழே இருக்கும் கடதாசி குடிக்கும். குடித்தது விரியும், தாள் ஒரு பக்கம் வளையும். கொழும்பு ஈரத்தில் திறந்து வைத்த பக்கெட் ஒரே இரவில் கெட்டுப்போகலாம். ஸிப் பையில், தட்டையாக, மேலே பாரம் வைத்து வையுங்கள். மேசையில் வைத்த தாளின் மூலை 13 மில்லிமீற்றருக்கு மேல் எழும்பினால் மெஷினில் விடாதீர்கள். பின்பக்கக் கதவைத் திறந்து தாள் நேராக வெளியேறும் வழி இருந்தால் எப்போதும் அதையே பாவியுங்கள். இருபக்க அச்சு வழியில் ஸ்டிக்கர் தாளைத் திருப்பி அனுப்புவது வம்பு.

கேள்வி (கிராண்ட்பாஸ்): த்ரீவீலர் பின்கண்ணாடிக்கும் கடை வெளிப்பலகைக்கும் லேசரில் அடித்த ஸ்டிக்கர் நிற்குமா?

பதில்: பின்கண்ணாடிக்கு, யூவி தடுக்கும் குளிர் லேமினேஷன் மேலே போட்டால் சில மாதம் ஓட்டலாம், மஜெண்டாவும் மஞ்சளும் முதலில் வெளிறும். லேமினேஷன் இல்லாமல் பெற்றோல் கைபட்டாலே நிறம் இழுபடும். வெளிப்பலகைக்கு வேண்டாம், கரைப்பான் மையில் அடிக்கும் ஈகோ சொல்வென்ட் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். அங்கே நீங்கள் கேட்கவேண்டியது வைனல்தான்.

கேள்வி (வத்தளை): பிளொட்டரில் முதலில் வடிவம் வெட்டி, பிறகு அச்சடிக்கலாமா?

பதில்: கூடாது. வெட்டு விழுந்த இடமெல்லாம் பசை திறந்து கிடக்கும், ஃபியூசரில் முதலில் உரிவதும் அதுதான். அச்சடித்து, ஆறவிட்டு, லேமினேட் செய்து, கடைசியில் வெட்டுங்கள். பிளொட்டர் படிக்கும் அடையாளப் புள்ளிகளை அச்சிலேயே போடுங்கள். பளபளப்பான லேமினேஷனில் சென்சர் அவற்றைத் தவறவிட்டால் புள்ளியின் மேல் மட்டும் பளபளப்பில்லாத செலோடேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். பாதி உரித்த தாளில் மீதி இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று திரும்ப மெஷினில் விடுவதும் இதே கணக்கில் சேரும்.