இதயத்தை வரைகிறாள், அதனால் டாக்டரா?

போன வாரம் கோவை கணபதியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தது. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லேத் பட்டறை, அதில் ஒரே ஒரு மெஷின். மகள் அரசுப் பள்ளியில் பயோ-மேத்ஸ் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவள். நீட் இரண்டு முறை எழுதிவிட்டாள். தகுதி மதிப்பெண் வந்தது, சீட் கிடைக்கும் அளவுக்கு வரவில்லை. கூடவே தாய்மாமனும் வந்திருந்தார். முதல் கால் மணி நேரம் பேசியது அவர் மட்டும்தான்.

"7.5 சதவீத ஒதுக்கீடு இருக்குதுங்க மேடம், இன்னொருக்கா எழுதினாப் போதும். இல்லீன்னா ஜார்ஜியா. ஏஜென்ட்டுகிட்டப் பேசியாச்சு, மொத்தம் 28 லட்சம். 25 ஆயிரம் அட்வான்ஸும் குடுத்தாச்சுங்க."

அம்மா பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இதைப் பாருங்க மேடம். ஹார்ட்டை இப்படி வரையற புள்ள டாக்டராகாம வேற என்னாவாளுங்க?"

பார்த்தேன். பென்சிலில் அச்சு அசலாக மாட்டின் இதயம், வால்வுகள், ரத்தக் குழாய்கள். பாடப்புத்தகப் படம் இல்லை அது. இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்ட்சர் கோட்டைச் சேகரிப்பில் இருக்கும் லியோனார்டோ டா வின்சியின் தாள்களை இணையத்தில் பார்த்து, பெரிதாக்கி, கோடு கோடாகப் பிரதி எடுத்திருக்கிறாள். நோட்டின் பின்பகுதியில் இதயம் ஒன்றுகூட இல்லை. சுழல் சுழலாக நீர் மட்டும்தான்.

"இது என்ன கண்ணு?" என்றேன். அவள் அன்றைக்கு வாயைத் திறந்தது அப்போதுதான். லியோனார்டோ மாட்டு இதயத்திலிருந்து அச்செடுத்து, மகாதமனி என்ற பெரிய ரத்தக் குழாயின் மாதிரியைக் கண்ணாடியில் செய்து, தண்ணீரில் புல் விதைகளை மிதக்கவிட்டு, ரத்தம் எப்படிச் சுழலும் என்று பார்க்கத் திட்டமிட்டார் என்று படித்திருக்கிறாள். வீட்டில் கண்ணாடி ஊத ஆளில்லை. ஜூஸ் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தண்ணீர் ஊற்றி, கசகசாவைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். "கசகசா விக்கிற விலையில நூறு கிராமைக் காலி பண்ணிட்டாளுங்க" என்றார் அம்மா.

வழக்கம்போல "கவலைப்படாதீங்க, நல்ல பொண்ணு, ஏதாவது வழி இருக்கும்" என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் அப்படிப் பேச முடியவில்லை. கண்ணெதிரே ஒரு தப்புக் கணக்கு. அதைத் தடவிக் கொடுத்து அனுப்பினால் நான் வாங்கும் ஃபீஸுக்கு அர்த்தம் இல்லை.

மாமாவிடம் கேட்டேன்: 28 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 28,000. அதை யார் கட்டுவது? ஒற்றை லேத் மெஷினா? ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தால், இங்கே தொழில் செய்ய இன்னொரு தேர்வு எழுதித் தேற வேண்டும். இரண்டு தடவை நுழைவுத் தேர்வில் ஒடிந்துபோன பிள்ளையை, வீட்டை அடமானம் வைத்து மூன்றாவது தேர்வுக்கு அனுப்புவதைத்தான் நீங்கள் வாழ்க்கை அமைத்துக் கொடுப்பது என்கிறீர்கள். அவளுக்கு நோயாளியைப் பார்க்கும் ஆசை இருந்தால் நானே மூன்றாவது முறை எழுது என்பேன். நேராகக் கேட்டேன். "ரத்தம் ஏன் அப்படிச் சுத்துதுன்னு தெரிஞ்சுக்கணும். ஊசி போடணும்னு தோணல மேடம்" என்றாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

படம் வரைகிறாளே, ஆர்க்கிடெக்சர், அனிமேஷன், ஃபேஷன் என்று பக்கத்து வீட்டிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். அவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவள் நோட்டு எதைக் காட்டுகிறதோ அதைப் பற்றிப் பேசுவோம்.

லியோனார்டோ என்றால் நம் ஊரில் மோனாலிசா, கடைசி இராவுணவு, அதோடு சரி. 1452இல் பிறந்து 1519இல் இறந்த அந்த மனிதர் முடித்துக் கொடுத்த ஓவியங்கள் இருபதைக்கூடத் தாண்டாது. கைப்பட எழுதி வைத்த பக்கங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. மிலனில் ஆம்பிரோசியானா நூலகத்தில் மட்டும் 1,119 தாள்கள். மீதி பாரிஸ், லண்டன், வின்ட்சர், மாட்ரிட், தூரின் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு நோட்டை 1994இல் பில் கேட்ஸ் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். நீர், பறவையின் சிறகு, பல்சக்கரம், தசை, நிலவொளி எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். இடது கைக்காரர் என்பதால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல எழுதினார். அதில் ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. யூடியூபில் வரும் மர்மக் கதைகளை நம்ப வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்.

இந்தப் பக்கங்களைப் படித்துப் புரியவைப்பதே ஒரு முழுநேர ஆராய்ச்சித் துறை. அதன் வேலை எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கு ஒன்று சொன்னேன். லியோனார்டோ இறந்த பிறகு, பொம்பேயோ லியோனி என்ற சிற்பி அந்தத் தாள்களை வாங்கி, படங்களைத் தனியாக வெட்டி எடுத்து, தன் வசதிக்கு வேறு ஆல்பங்களில் ஒட்டினார். வெட்டிய துண்டுகள் வின்ட்சரில், ஓட்டை விழுந்த தாள்கள் மிலனில். கார்லோ பெத்ரெத்தி என்ற அறிஞர் எந்தத் துண்டு எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று பொருத்தி 1957இல் நூலாகவே வெளியிட்டார். "கிழிஞ்ச ரூபாய் நோட்டை நம்பர் பார்த்து ஒட்டற மாதிரிங்களா?" என்றார் அப்பா. அதேதான்.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். இந்தத் துறையில் அண்மையில் புதிதாக ஒன்றைக் கண்டவர்களில் பலர் கலை வரலாறு மட்டும் படித்தவர்கள் இல்லை. ஏதாவது ஓர் அறிவியலை ஆழமாகப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். கேம்பிரிட்ஜில் இயான் ஹட்சிங்ஸ் உராய்வியல், அதாவது பொருள்கள் ஒன்றோடொன்று உரசும் விதத்தை, ஆராய்ந்த பேராசிரியர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 92க்கு 63 மில்லிமீட்டர் அளவில் ஒரு குட்டி நோட்டு இருக்கிறது. அதில் சிவப்புச் சுண்ணத்தில் இருந்த சில கிறுக்கல்களை, பொருட்படுத்த வேண்டாதவை என்று 1920களில் ஒதுக்கிவிட்டார்கள். அவை கப்பி வழியாக எடை தொங்கவிட்டுக் கட்டைகளை இழுக்கும் படங்கள். எடை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும், தொடும் பரப்பு எவ்வளவு என்பது பொருட்டில்லை என்ற விதியை லியோனார்டோ 1493லேயே பிடித்துவிட்டார் என்று ஹட்சிங்ஸ் 2016இல் காட்டினார். பிரான்சில் அமோந்தோன் அதே விதியை எழுதியது 1699இல். நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, 92 மில்லிமீட்டரைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கைக்குள் அடங்கிவிட்டது. மாமா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மகளின் கசகசாவுக்கு வருவோம். இதயத்திலிருந்து மகாதமனி கிளம்பும் இடத்தில் மூன்று சின்னப் புடைப்புகள் உண்டு. அங்கே ரத்தம் சுழல்கிறது, அந்தச் சுழல்தான் வால்வை மூட உதவுகிறது என்று லியோனார்டோ எழுதி வைத்தார். அது நானூறு ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. 1960களில் ஆக்ஸ்ஃபோர்டு பொறியாளர்கள் சோதனையில் அதே முடிவுக்கு வந்தார்கள். 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று உயிருள்ள மனிதர்களின் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தச் சுழலையே காட்டியது. அமெரிக்காவில் கால்டெக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விமானவியல் பேராசிரியராக இருக்கும் மொர்தெசா கரீப், இதே கண்ணாடி மாதிரியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 2023இல் வேறொரு பக்கத்தை எடுத்து, நகரும் சாடியிலிருந்து கொட்டுவது விழும் விதத்தைக் கொண்டு லியோனார்டோ புவியீர்ப்பை முடுக்கமாகவே கண்டிருக்கிறார் என்று நிறுவினார். அதே ஆண்டு மோனாலிசாவின் அடிப்பூச்சிலிருந்து எடுத்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கை பிரெஞ்சு வேதியியலாளர்கள் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ் கதிரில் வைத்து, அரிய ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டார்கள். லியோனார்டோ ஆய்வில் இன்று மூத்த பெயரான மார்ட்டின் கெம்ப்பும் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்துவிட்டுத்தான் கலை வரலாற்றுக்குப் போனார்.

"டாக்டரும் இதெல்லாம் பண்ணலாமில்லீங்க?" என்று மாமா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பண்ணலாம். பிரான்சிஸ் வெல்ஸ் என்ற இதய அறுவை மருத்துவர் லியோனார்டோவின் இதயப் படங்களைப் பற்றித் தடிமனான புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அறுவை சிகிச்சையை விரும்பிப் போனவர். உங்கள் மருமகள் போகவில்லை.

ஆகவே நான் சொன்னது இதுதான்: கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கலை வரலாற்றை இளநிலையிலேயே படிக்க பரோடா, சாந்திநிகேதன் என்று நல்ல இடங்கள் உண்டு. இவளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கையில் ஓர் அறிவியல் இல்லாமல் இந்த நோட்டுகளுக்குள் போனால், சொன்னதையே திருப்பிச் சொல்லும் கூட்டத்தில் ஒருத்தியாகிவிடுவாள். தவிர, இயற்பியல் பட்டம் இருந்தால் இந்தக் கனவு நடுவில் கலைந்தாலும் பி.எட். இருக்கிறது, எம்.எஸ்சி. இருக்கிறது. சோறு போடும்.

முதல் செமஸ்டரிலிருந்தே இத்தாலிய மொழி. தினம் 40 நிமிடம், ஆன்லைனில். இதில் சலுகையே கிடையாது. லியோனார்டோ எழுதியது ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய டஸ்கன் பேச்சு. நிறுத்தற்குறி அநேகமாக இல்லை, சொற்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும், 'பெர்' என்று எழுத நேரமில்லாமல் ஒரே எழுத்தின் காலில் குறுக்குக் கோடு போட்டுவிடுவார். புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவருக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரியும். மொழி படிக்க வயதாகிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். லியோனார்டோவே லத்தீன் கற்க முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் உட்கார்ந்தார். மிலனில் இருக்கும் திரிவுல்சியானோ நோட்டில் பக்கம் பக்கமாக, பள்ளிப் பிள்ளை மாதிரி வார்த்தைப் பட்டியல் எழுதியிருக்கிறார். வின்சி ஊர் நூலகம் அவருடைய கையெழுத்துப் பிரதிகளை, வாசிப்போடு சேர்த்து, 'ஈ-லியோ' என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மூன்று ஆண்டில் பெருஜியா அல்லது சியெனா பல்கலைக்கழகம் நடத்தும் மொழித் தேர்வில் இடைநிலைப் படியைத் தாண்டிவிட வேண்டும்.

அதன் பிறகு முதுநிலை. இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. லேத் பட்டறை வருமானத்துக்கு மிகக் குறைவாகவே வரும். வட்டார அரசின் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் போய், தங்குமிடமும் சாப்பாடும் சேரும். வருமானச் சான்று, சொத்து விவரம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, கெடு தேதிக்குள் போட வேண்டும். நம் ஆட்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்தக் காகிதத்தில்தான். வெனிஸில் கா ஃபோஸ்காரி பல்கலைக்கழகத்தில் பாரம்பரியப் பொருள் பாதுகாப்பு அறிவியலில் முதுநிலை இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு அங்கே உதவித்தொகை ஆண்டுக்கு 16,243 யூரோவுக்குக் குறையக் கூடாது என்று விதி. அந்த உதவித்தொகைதான் என் எல்லைக்கோடு. கிடைத்தால் போகட்டும். கிடைக்கவில்லை என்றால், கடன் வாங்கி லண்டனில் ஒரு வருட எம்.ஏ. என்ற பேச்சே வேண்டாம். ஜார்ஜியாவுக்கு வேண்டாம் என்று சொன்ன வாயால் லண்டனுக்குச் சரி என்று சொல்ல மாட்டேன்.

வேலை? 'லியோனார்டோ ஆராய்ச்சியாளர் தேவை' என்று எந்தப் பேப்பரிலும் விளம்பரம் வராது. உலகம் முழுக்கச் சேர்த்தாலும் அந்த நாற்காலிகள் கொஞ்சம்தான். ஆனால் ஓவியத்தையும் தாளையும் மையையும் அறிவியலால் படிக்கத் தெரிந்தவருக்கு வேறு கதவுகள் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930லேயே தொடங்கியது, அங்கிருந்த எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரோவியங்களை ஆராய்ந்தவர். லக்னோவில் தேசிய ஆய்வகம் இருக்கிறது, தொல்லியல் துறைக்குத் தனி அறிவியல் பிரிவு இருக்கிறது. சம்பளம் டாக்டர் அளவுக்கு வராது. இதையும் அம்மாவிடம் மறைக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம்தான் அதிகக் கறாராகப் பேசினேன். பிளஸ் டூவில் கணக்கில் 71 வாங்கியிருக்கிறாள். சுழலை வரைவது வேறு, சுழலின் சமன்பாட்டைப் போடுவது வேறு. இரண்டாம் ஆண்டு முடிவில் கணக்கு தேறவில்லை என்றால் இந்தப் பாதையை நானே மூடச் சொல்வேன் என்றேன். "செரிங்க மேடம்" என்றாள். நோட்டை அம்மா கையிலிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "சொந்தக்காரங்க கேட்டா என்னங்க சொல்றது?" என்றார். இயற்பியல் படிக்கிறாள் என்று சொல்லுங்கள். லியோனார்டோ கதையை அவர்களுக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

கிளம்பும்போது இரண்டு வேலை கொடுத்தேன். திங்கட்கிழமை டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்றோடு கல்லூரி உதவி மையத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஏஜென்ட்டிடமிருந்து 25,000 அட்வான்ஸைத் திருப்பி வாங்க வேண்டும். ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா ஜன்னலைப் பார்த்தார்.