ஊர்க் கருத்துக்களத்தின் முகப்புக்கு போர்ட்டல் நீட்சியா, சிஎம்எஸ் நீட்சியா?

கேள்வி: எங்கள் ஊர் ஒன்றியத்துக்காக ஒரு கருத்துக்களம் நடத்துகிறோம். உள்ளே வருபவருக்கு முதலில் பிரிவுகளின் பட்டியல்தான் தெரிகிறது. செய்தி, கட்டுரை, அறிவித்தல் எல்லாம் முகப்பில் வடிவாக வர வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். களத்து மென்பொருளோடு கூடுதலாக நிறுவும் நீட்சிகளில், முகப்பை அமைக்கும் போர்ட்டல் நீட்சி போடுவதா, கட்டுரைகளை எழுதி நிர்வகிக்கும் சிஎம்எஸ் நீட்சி போடுவதா?

போர்ட்டல் போடுங்கள். அதைக்கூட உடனே போட வேண்டாம், உங்கள் மென்பொருளில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நானும் யாழ்ப்பாணத்தில் இருந்து இப்படியொரு களத்தின் நிர்வாகத்தில் இருப்பவன்தான். பாதிப்பேர் ஊரில், மீதிப்பேர் டொரொன்டோ, லண்டன், பாரிஸ் என்று சிதறிப் போனவர்கள். பிஎச்பிபிபி என்ற களத்து மென்பொருளில் தொடங்கிய களம், இப்போது சென்ஃபோரோ என்ற வேறொன்றில் ஓடுகிறது. இந்த போர்ட்டலா சிஎம்எஸ்ஸா வழக்கு எங்கள் குழுவிலும் நீண்ட நாள் நடந்தது. அழகு, வார்ப்புரு, நிறம் என்று கதைத்துக்கொண்டிருந்தவரை அது முடியவில்லை. எழுதியது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் முடிவுக்கு வந்தது.

போர்ட்டல் என்பது தேத்தண்ணிக்கடையின் கண்ணாடி அலுமாரி மாதிரி. உள்ளே சுட்ட வடையைத்தான் முன்னால் அடுக்கிக் காட்டுகிறது. களத்தில் ஒரு திரியாக, அதாவது ஒரு பதிவும் அதன் கீழ் வரும் பதில்களுமாக, எழுதிய செய்தியை எடுத்து, முதல் சில வரிகளையும் ஒரு படத்தையும் முகப்பில் வைக்கும், அவ்வளவுதான். எழுத்து திரிக்குள்ளேயே இருக்கும். பின்னூட்டமும் அந்தத் திரியின் பதில்கள்தான். சிஎம்எஸ் நீட்சி அப்படியில்லை. அது தரவுத்தளத்தில் தனக்கென்று அட்டவணைகளை உருவாக்கி, கட்டுரை, வகை, வரைவு, திருத்த வரலாறு, சிலவேளை பின்னூட்டத்தைக்கூட அதற்குள் வைத்துக்கொள்ளும்.

வித்தியாசம் நீட்சியை நிறுத்தும் நாளில்தான் தெரியும். போர்ட்டலை அகற்றினால் முகப்புப் போகும், திரிகள் அப்படியே இருக்கும். சிஎம்எஸ் நீட்சியை நிறுவல் நீக்கினால், ஒழுங்காக எழுதப்பட்ட நீட்சி என்றால், தன் அட்டவணைகளையும் சேர்த்தே துடைத்துவிட்டுப் போகும். அதாவது உங்கள் கட்டுரைகளை. களத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போதும் இதே கதை. மாற்றும் கருவிகள் பயனர், திரி, பதில், இணைப்புக் கோப்பு இவற்றைக் கொண்டுபோகும். மூன்றாம் ஆள் எழுதிய நீட்சியின் தரவை அவை பெரும்பாலும் எட்டியும் பார்க்காது. விபுலெட்டின் என்ற களத்து மென்பொருளின் 4ஆம் பதிப்பு வந்தபோது (2009 இறுதி) சிஎம்எஸ்ஸையும் ஒரே பொதியில் சேர்த்து விற்றார்கள். நீட்சி எழுதியவர் தனி ஆளும் இல்லை, தயாரித்த நிறுவனமேதான். அப்படியிருந்தும் அங்கிருந்து வேறு மென்பொருளுக்குப் போனவர்களுக்குத் திரிகள் இலகுவாகப் போக, கட்டுரைகளுக்குத் தனி வழி தேட வேண்டி வந்தது.

ஊர்க் களம் என்றால் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நிர்வாகி கலியாணம் முடித்து வெளிநாடு போவார், அடுத்தவர் வருவார், அவர் வேறு நீட்சியைப் பிடித்துக்கொள்வார். யார் வந்தாலும் போனாலும் மிஞ்ச வேண்டியது எழுத்து.

பெயரை நம்பிவிடவும் வேண்டாம். எஸ்எம்எஃப் என்ற மென்பொருளில் ஓடும் களங்களுக்கு சிம்பிள்போர்ட்டல், டைனிபோர்ட்டல் என்று இரண்டு பழைய நீட்சிகள் உண்டு. டைனிபோர்ட்டலின் பெயரில் போர்ட்டல் இருந்தாலும் கட்டுரைகளைத் தன் சொந்த அட்டவணையில்தான் வைக்கிறது. பிஎச்பிபிபிக்கான போர்ட்3 போர்ட்டல் நேர்மாறு, களத்துத் திரிகளையே செய்தியாகக் காட்டும். பிஎச்பிபிபியில் 3.1க்கு (2014) முந்திய பதிப்பு வைத்திருந்தால் எந்த நீட்சியும் போடாதீர்கள். அப்போது நீட்சி என்பது மூலக் கோப்புகளையே வெட்டி ஒட்டும் வேலை, ஒவ்வொரு மேம்படுத்தலிலும் கரைச்சல். முதலில் களத்தைப் புதுப்பியுங்கள்.

உங்கள் மென்பொருள் மைபிபி என்றால் தேடவே தேவையில்லை, சின்ன போர்ட்டல் ஒன்று கூடவே வருகிறது. பார்வைக்குச் சாதாரணம்தான், வேலை செய்யும். சென்ஃபோரோ 2.2 (2020) முதல் ஒரு பிரிவையே கட்டுரைப் பிரிவாக வைக்கலாம். அங்கே போடும் திரி கட்டுரை மாதிரியே தோன்றும், பட்டியலில் படமும் முன்னோட்டமும் வரும். முகப்பாக எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையும் அமைப்புகளில் மாற்றலாம். இரண்டையும் சேர்த்தால் காசும் இல்லை, நீட்சியும் இல்லை. நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். ஒரேயொரு குறை, பல பிரிவுகளில் இருந்து தெரிந்தெடுத்து முகப்பில் கலந்து வைக்க முடியாது. மார்ச் மாதம் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளான சென்ட்ரலும் சென் ஜோன்ஸும் மோதும் வடக்கின் பெரும் போர் என்ற கிரிக்கெட் ஆட்டம் வந்தால், விளையாட்டுப் பிரிவில் ஓடும் ஓட்ட எண்ணிக்கைத் திரிதான் மூன்று நாளும் முகப்பில் இருக்க வேண்டும். அதற்கு போர்ட்டல் நீட்சியில் ஒரு சொடுக்கு. எங்களிடம் அந்தத் திரியைக் கையால் பிரிவு மாற்றி, ஆட்டம் முடியத் திருப்பி வைக்கிறார்கள். அடிக்கடி இப்படித் தேவைப்படும் களம் என்றால் போர்ட்டல் நீட்சிக்குக் காசு கொடுப்பது நியாயம்.

எதைத் தெரிந்தெடுத்தாலும், விற்பவரின் செய்முறைத் தளத்தில் ஆங்கிலத்தில் பார்த்து மயங்காமல் தமிழில் சோதியுங்கள். முன்னோட்டம் எங்கே வெட்டப்படுகிறது என்பதுதான் முதல் சோதனை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், க, ொ போன்ற ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 200 என்று எல்லை வைத்து, நீட்சி பைட் கணக்கில் வெட்டினால், ஆங்கிலத்தில் மூன்று வரி வரும் இடத்தில் தமிழில் 66 குறியோடு நின்றுவிடும், நுனியில் ஒரு கேள்விக்குறிக் கட்டமும் தொங்கும். குறிக் கணக்கில் வெட்டுவது பரவாயில்லை, ஆனாலும் கொ என்ற எழுத்தின் நடுவில் வெட்டு விழுந்தால் க மட்டும் மிஞ்சும். சொல் முடியும் இடத்தில் வெட்டும் நீட்சி, அல்லது எழுதுபவரே இதுவரை போதும் என்று குறிக்க விடும் நீட்சி நல்லது.

அடுத்தது முகவரி. யாழ்ப்பாணம் என்பது ஆறே எழுத்து. அதை இணைய முகவரியில் வைத்து வாட்ஸப்பில் ஒட்டினால் பலவேளை சதவீதக் குறிகளோடு 99 எழுத்தாக விரியும். முழுத் தலைப்பு என்றால் யோசித்துப் பாருங்கள், ஊரில் இருக்கும் பெரியவர்கள் இது ஏதோ வைரஸ் என்று அழித்தேவிடுவார்கள். தலைப்பை விட்டு இலக்கத்தை மட்டும் முகவரியில் வைக்கும் தெரிவு சென்ஃபோரோவில் உண்டு. சிஎம்எஸ் நீட்சி என்றால் முகவரியை நாமே தட்டச்சு செய்ய இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய களம் என்றால் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் எழுதிய பதிவுகளும் கிடக்கும். போர்ட்டல் அவற்றை முகப்புக்கு இழுத்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு முகப்பைப் பற்றி யோசியுங்கள்.

வெளியேறிய நிலையில், விருந்தினராக, முகப்பை ஒருமுறை திறந்து பார்ப்பதும் அவசியம். நிர்வாகக் குழுவின் மூடிய பிரிவில் உள்ள திரித் தலைப்புகள் புதிய பதிவுகள் பெட்டியில் எட்டிப் பார்க்கின்றனவா? யார் பார்க்கிறார் என்று அனுமதியைச் சரிபார்க்காமல் ஒரே பெட்டியை எல்லோருக்கும் சேமித்து வைத்துக் கொடுக்கும் நீட்சிகள் உண்டு. கோயில் கணக்கு பற்றிய திரி அப்படி வெளியே வந்தால் பிறகு ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளைத் தனியாகப் போட்டு அதற்குள் செய்திகளை எழுதலாமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். எழுதுவதற்கு இலகு என்பது உண்மை. ஆனால் இரண்டு உள்நுழைவு, இரண்டு மேம்படுத்தல், இரண்டு இடத்தில் குப்பைப் பதிவு. கதைப்பதும் இரண்டாகப் பிரிந்து, கட்டுரைக்குக் கீழே நாலு பேர், களத்தில் நாலு பேர் என்று ஆகும். உங்களிடம் முழுநேர ஆள் இல்லாவிட்டால் வேண்டாம்.

சிஎம்எஸ் உண்மையிலேயே பொருந்தும் வேலை ஒன்று எங்கள் ஊர்த் தளங்களில் இருக்கிறது, மரண அறிவித்தல். பிறப்பிடம், வதிவிடம், தோற்றம், மறைவு, கிரியை நடக்கும் இடம், தொடர்புக்கு யார் என்று எப்போதும் ஒரே கட்டமைப்பு. ஆண்டு வாரியாகத் தேடுவார்கள், நினைவு நாளில் திரும்ப எடுப்பார்கள். இப்படிக் கட்டம் கட்டமான தரவுக்கு இன்விஷன் என்ற களத்து மென்பொருளின் பேஜஸ் பகுதி நல்ல தெரிவு. நீங்களே புலங்களை வரையறுத்துத் தரவுத்தளம் அமைக்கலாம், பின்னூட்டத்தைக் களத்துத் திரியாக வைக்கவும் விடுகிறது. களத்தைத் தயாரிக்கும் அதே நிறுவனத்தின் பகுதி என்பதால், தனி ஆள் எழுதிவிட்டுக் காணாமல் போகும் ஆபத்தும் குறைவு. சென்ஃபோரோவில் இருப்பவர்கள் திரிக்கே கூடுதல் புலங்கள் சேர்த்து இதில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். தேடுவது மட்டும் அவ்வளவு சொகுசாக இல்லை.

நீங்கள் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று கேள்வியில் எழுதவில்லை. அதைச் சொன்னால் எந்த நீட்சி என்று பெயர் சொல்லியே பதில் தரலாம். அதுவரை முழுத் தரவுத்தளத்தையும் ஒரு பிரதி எடுத்து, சோதனைக் களம் ஒன்றில் ஏற்றிவையுங்கள். பார்க்கும் நீட்சி எதுவானாலும் அங்கே நிறுவி, பத்துக் கட்டுரை எழுதி, பிறகு நிறுவல் நீக்கிப் பாருங்கள்.