பார்க்கிங் தூண்ல உரசி பம்பர்ல மஞ்சள் பெயிண்ட் ஒட்டிருக்கு, முழுசா ரீபெயின்ட் பண்ணணுமா?

ப்ரோ, ஃபோட்டோல தெரியுற மஞ்சள் முக்காவாசி தூணோட பெயிண்ட் வந்து மேல ஒட்டுனது தான், அதனால ஷெட்ல முழு பம்பரும் அடிக்கணும்னு சொன்னா உடனே தலையாட்டிடாதீங்க. முதல்ல ஷாம்பு போட்டு மண்ணு துளிகூட இல்லாம கழுவுங்க, அப்புறம் மைக்ரோஃபைபர் துணில கொஞ்சூண்டு ரப்பிங் காம்பவுண்ட் (கீறல் தேய்க்கிற பேஸ்ட்) எடுத்து நிழல்ல வச்சு மெதுவா தேயுங்க, மஞ்சள் துணிக்கு வந்துடும். தின்னர் மட்டும் வேணவே வேணாம், உங்க பெயிண்டையும் சேத்து கரைச்சிடும். மிச்ச கீறல்ல நகத்த குறுக்கால ஓட்டி பாருங்க, மாட்டலன்னா கிளியர் கோட்டோட (கலருக்கு மேல இருக்குற கண்ணாடி மாதிரி லேயர்) நிக்குது, பாலிஷ்லயே பெரும்பாலும் போயிடும். மாட்டி, உள்ள பிளாஸ்டிக்கும் தெரிஞ்சா டச்-அப் தான் (அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் வைக்கிறது), உங்க பெயிண்டோட கலர் கோட் நம்பர் நெறைய வண்டில டிரைவர் டோர் ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கும். பிளாஸ்டிக் பம்பர்ங்கிறதால துரு பயம் இல்ல, பொறுமையா பண்ணலாம்.