சைக்கிள் மிதிப்பது நீங்கள், பெட்ரோல் மச்சினனுக்கா?

கேள்வி: அலுவலகம் 18 கிலோமீட்டர் தூரம். ஆறு மாதமாக பைக்கை விட்டுவிட்டு சைக்கிளில்தான் போய் வருகிறேன், மாதம் 22 நாள். பெட்ரோல் காசு மிச்சமாகும் என்றுதான் ஆரம்பித்தேன், ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பைக் சும்மா கிடக்கிறதே என்று மனைவியின் தம்பி எடுத்துப் போய் ஓட்டுகிறான். இன்னும் 14 தவணை பாக்கி, அது என் கணக்கில்தான் போகிறது. இப்போது வட்டியில்லாத் தவணையில் மின் சைக்கிள் தருகிறார்கள். வாங்கினால் களைப்பும் குறையும், நேரமும் மிச்சமாகும். வாங்கலாமா? (கடிதம் சுருக்கப்பட்டது.)

பதில்: மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கியர், டயர், பேட்டரி எல்லாம் விலாவாரியாக இருக்கிறது, மச்சினன் மட்டும் ஒன்றரை வரியில் வந்து போகிறார். உங்கள் பணம் அந்த ஒன்றரை வரியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. கூடவே அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, பெட்ரோல் போடும் கார்டையும் அவரிடமே விட்டு வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். முன்பு பைக் தவணைக்கு 7, பெட்ரோலுக்கு 5, காப்பீடு சர்வீஸ் என்று 1, ஆக 13. இப்போது தவணை அதே 7, மச்சினன் போடும் பெட்ரோல் 4, அதே 1, அதற்கு மேல் சைக்கிள் பராமரிப்பு 1, தினமும் 36 கிலோமீட்டர் மிதித்தால் பசிக்காமல் இருக்குமா, அந்தக் கூடுதல் சாப்பாட்டுக்கு 2. கூட்டினால் 15. ஆறு மாதம் வேர்க்க விறுவிறுக்க மிதித்து, செலவை 13-லிருந்து 15-க்கு ஏற்றியிருக்கிறீர்கள்! சைக்கிள்மேல் எந்தத் தப்பும் இல்லை. பைக் வாசலை விட்டுப் போனது, உங்கள் கணக்கை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

வண்டி இன்னமும் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். அபராதமோ விபத்தோ, முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

சரி, என்ன செய்யலாம். முதலில் மனைவியிடம் பேசுங்கள், மச்சினனிடம் அல்ல. அவர் தம்பியைப் பற்றி அவருக்குத் தெரியாமல் ஒரு முடிவு எடுத்தால் அதற்கு ஆகும் செலவை நான் கணக்குப் போட முடியாது. பிறகு மச்சினனிடம் இரண்டே வழி சொல்லுங்கள்: கடனையும் பெயரையும் மாற்றிக்கொண்டு வண்டியை அவரே வைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் விற்றுவிடலாம். "ரெண்டு மாசம் பொறுங்க" என்றால் பொறுக்காதீர்கள். இன்றைக்கே கடனை அடைக்க எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 14 தவணைக்கு 98 ஆகிறது, இனி வர வேண்டிய வட்டி கழிந்தால் 90 பக்கம் நிற்கும். பைக் 70-க்குப் போனால் துண்டு விழுவது 20. பெரிய தொகை மாதிரித் தெரியும், ஆனால் மாதம் 12 மிச்சமாவதால் இரண்டு மாதத்தில் சரிக்கட்டிவிடலாம். மழை நாளுக்கு வண்டி வேண்டாமா என்பீர்கள். மாதத்தில் நாலு நாள் பேருந்தில் போவதற்கு யாரும் தவணை கட்டுவதில்லை.

இப்போது மின் சைக்கிள். வட்டியில்லாத் தவணை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ரொக்கமாகக் கொடுத்தால் சைக்கிள் விலையில் 100-க்கு 6 தள்ளுபடி, தவணை என்றால் தள்ளுபடி இல்லை, மேலே 2 கட்டணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக 94-க்குக் கிடைக்கும் பொருளுக்கு 102 கட்டுகிறீர்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் வருடம் முழுக்க உங்களிடம் இருக்கும் கடன் சராசரியில் பாதிதான், அதன்மேல் 8 என்றால் வட்டி 15 சதவீதத்தைத் தாண்டுகிறது.

நேரமாவது மிச்சமா? இப்போது மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், 51 நிமிடம். பல நாடுகளில் மோட்டாரின் உதவி 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதுதான் விதி, அந்த வேகத்திலேயே நிற்காமல் போனாலும் 43 நிமிடம். எட்டு நிமிடம், சிக்னலில் அதிலும் பாதி போய்விடும். முழங்கால் வலி, மேடான பாதை என்றால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். உங்கள் பாதை சமதளம், உங்களுக்கு வயது 34.

களைப்புக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் சைக்கிளில் ஆறு மாதமாக அதே செயின் என்கிறீர்கள், பேன்ட் ஓரத்தில் கறுப்பு மை ஒட்டுகிறது, ஏறி மிதிக்கும்போது டக்கென்று வழுக்குகிறது என்கிறீர்கள். அது தேய்ந்து நீண்டுபோன செயின். நானும் சில வருடம் இப்படி ஓட்டியவன், செயினில் சிக்கனம் பார்த்து பின்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றியிருக்கிறேன், செயின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. இந்த வாரமே மாற்றுங்கள், டயரில் காற்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

கார்டை இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள். பைக் கடன் அடைந்து நாலு மாதம் கழித்தும் மின் சைக்கிள் ஆசை இருந்தால் எழுதுங்கள், அப்போது பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் கடையில் கேட்டு எழுதுங்கள்.