எர்டிக் மாளிகை: ஒரு படத்தில் செங்கல், மறுபடத்தில் கல் - எது அசல்?

இரண்டும் ஒரே மாளிகைதான். செங்கல் முகப்பே மூத்தது. 1684இல் ஜோசையா எடிஸ்பரி வேல்ஸின் ரெக்ஸம் நகர் அருகே கட்டத் தொடங்கிய வீடு அது. மேற்குப் பக்கத்துக்கு மட்டும் 1770களில் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வையட் கல் போர்த்தினார். மேற்கிலிருந்து அடிக்கும் மழையும் காற்றும் செங்கலை அரித்ததே காரணமாக இருக்க வேண்டும்.

செங்கல் தெரியும் தோட்டப் பக்கப் படத்தை எடுத்து, நடுவிலுள்ள ஒன்பது ஜன்னல் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். அதுவரைதான் எடிஸ்பரியின் வீடு. அவர் கடனில் மூழ்கிய பின் வாங்கிய வழக்கறிஞர் ஜான் மெல்லர், 1720களில் இருபுறமும் பக்கக் கட்டடங்களைச் சேர்த்தார்.

பழுதுபார்ப்பு தொடங்கிய 1973க்கு முந்தைய படமென்றால் கவனம்: விரிசலும் சாய்வும் கட்டியவர் குறையல்ல. அடியில் நிலக்கரி வெட்டியதால் மாளிகையே தாழ்ந்துபோயிருந்தது.