டிகிரியை நிறுத்தட்டுமா என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு வயது 23. அமெரிக்கக் குடிமகன். கம்யூனிட்டி காலேஜ் முடித்து, மேரிலாந்தில் அரசு கான்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனி ஒன்றில் ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிறான். செக்யூரிட்டி கிளியரன்ஸும் (அரசு ரகசியங்களைக் கையாள அனுமதி) உண்டு. ஆன்லைனில் டிகிரி படித்துக்கொண்டிருந்தவன், “அரசு கான்ட்ராக்ட் வேலைக்கு இனி டிகிரி தேவையில்லையாம், எதற்குக் காசைக் கரைக்க வேண்டும்?” என்கிறான். என் கணவர் அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார். ஊரில் இருக்கும் அண்ணன் மகனும் இதைக் கேட்டுவிட்டுப் படிப்பில் சுணங்குகிறானாம். என்ன சொல்வது?

பதில்: உங்கள் மகன் கேட்டது பொய்யில்லை. ஆனால் பாதிதான் கேட்டிருக்கிறான்.

2024-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர் நான்சி மேஸ் கொண்டுவந்த மசோதாவைத்தான் சொல்கிறான் என்று நினைக்கிறேன். கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு இன்ன படிப்பு வேண்டும் என்று அரசு அதிகாரி டெண்டரில் போட்டால், ஏன் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். கம்பெனி தன் இஷ்டத்துக்கு டிகிரி கேட்டால் அதைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை.

இதைவிட முக்கியமான சங்கதி, ஐ.டி. சேவைகளுக்கு இது புதிதே அல்ல. அவசியம் என்று அதிகாரி முடிவு செய்தாலொழியக் குறைந்தபட்சப் படிப்பைக் கேட்கக்கூடாது என்ற விதி, 2001 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தே வருகிறது. அப்படியும் வேலை விளம்பரங்களில் ‘டிகிரி வேண்டும்’ என்ற வாசகம் போகவில்லையே, ஏன்?

கம்பெனி அரசிடம் பணம் கேட்டுப் போடும் பில்தான் காரணம். பல கான்ட்ராக்ட்களில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு வரையறையும் மணிக்கு இவ்வளவு டாலர் என்ற கட்டணமும் உண்டு. “பேச்சிலர் டிகிரி, ஐந்து வருட அனுபவம்” என்று அங்கே எழுதியிருந்தால், டிகிரி இல்லாதவரை அந்த இடத்தில் உட்காரவைத்துக் கம்பெனி பில் போட முடியாது. ஆனால் இத்தனை வருடக் கூடுதல் அனுபவம் டிகிரிக்கு ஈடு என்று பல வரையறைகளில் ஒரு குறிப்பும் இருக்கும். மகன் தன் மேனேஜரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்: அடுத்த படிக்கு வரையறை என்ன, ஈடு உண்டா? பதில் கையில் வரும்வரை படிப்பை நிறுத்த வேண்டாம்.

காசைப் பற்றி அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வேண்டியதில்லை. டெர்முக்கு ஒரு பாடம் போதும். கம்பெனியில் படிப்பு உதவி இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். வருடத்துக்கு 5,250 டாலர் வரை அதற்கு வருமான வரி கிடையாது. செக்யூரிட்டி பிளஸ் என்ற கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லையென்றால் அதை முதலில் எடுக்கட்டும். மேரிலாந்து மாநில அரசின் நேரடி வேலைகளையும் பார்க்கட்டும். 2022 மார்ச்சிலேயே அப்போதைய ஆளுநர் லாரி ஹோகன் ஆயிரக்கணக்கான பணிகளுக்கு நான்கு வருட டிகிரி நிபந்தனையை எடுத்துவிட்டார்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: 23 வயதில் கிளியரன்ஸோடு சம்பாதிக்கிற பையன் உருப்படாதவன் இல்லை. பேசாமல் இருந்தால் வீம்புக்காகவே நிறுத்திவிடுவான்.

அண்ணன் மகன் கதை வேறு. எச்1பி விசாவுக்குச் சம்பந்தப்பட்ட துறையில் பேச்சிலர் டிகிரியோ அதற்கு ஈடானதோ வேண்டும். இந்த மசோதா அதைத் தொடவே இல்லை. கிளியரன்ஸ் கேட்கும் வேலைகளோ பொதுவாகக் குடிமக்களுக்கு மட்டும்தான். அரியர் இருந்தால் முதலில் அதை முடிக்கச் சொல்லுங்கள்.